அய்யாவு மாஸ்டரின் இடப்பக்கம்

லிஃப்ட் கதவு திறந்ததும் அய்யாவு மாஸ்டர் கையை நீட்டி மறித்துவிட்டார். உள்ளே பேட்டரி வண்டியில் உட்கார்ந்திருந்த மேடம் லிம் வெளியே வர முடியாமல் விழித்தார். கண்ணாடி பார்க்காமல் வண்டியைக் கிளப்பியதுதான் குற்றம். முதியோர் ஓட்டும் பேட்டரி வண்டிக்கு ஏது கண்ணாடி என்று கேட்கக் கூடாது. போன மாதம் மாஸ்டரே ஒரு பழைய மோட்டார் சைக்கிள் கண்ணாடியைக் கொண்டுவந்து அதன் கைப்பிடியில் திருகி மாட்டிக் கொடுத்திருக்கிறார். லிஃப்டுக்குள் எனக்குப் பின்னால் சுவர்தானே இருக்கிறது என்று மேடம் லிம் மலாயில் கேட்டார். நியாயமான கேள்விதான். "சொவரா இருந்தாலும் பாக்கணும்" என்று மாஸ்டர் தமிழிலேயே சொன்னார். கோபம் வந்தால் அவருக்கு வேறு மொழி வராது. மேடம் லிம் கண்ணாடியைப் பார்த்தார், நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டார், கையைக் காட்டி இடப்பக்கம் திரும்பினார். மாஸ்டர் "ம்" என்றார். அந்த ஒரு "ம்" வாங்குவதற்கு ஒரு காலத்தில் தம்போய் வட்டாரத்தில் கார் பழக வந்த ஆட்கள் மாதக்கணக்கில் ஏங்கியிருக்கிறார்கள்.

காலைப் பசியாறும் நேரத்துக்கு முன்னாலேயே அவர் கீழ்த்தளத்துக்கு இறங்கிவிடுவார். நடைபாதையில் எல்லாரும் இடப்பக்கமாகத்தான் போக வேண்டும். வாக்கர் பிடித்து நடப்பவர்கள் மூலை திரும்பும்போது வாயாலேயே ஹோன் அடிக்க வேண்டும். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் வாக்கரை நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டு; கோணலாக நிறுத்தினால் கஞ்சி ஆறினாலும் பரவாயில்லை, எழுந்து போய் நேராக்கிவிட்டுத்தான் மறுபடி உட்கார முடியும். இப்படியெல்லாம் சட்டம் போட இந்த ஆள் யார் என்று புதிதாக வருகிறவர்கள் சில நாள் முறைத்துப் பார்ப்பார்கள். அப்புறம் மூலை வந்ததும் அவர்கள் வாயும் தானாக "பீப்" என்று சொல்லிவிடும்.

இந்தப் போக்குவரத்தெல்லாம் ஜோகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயாவில் ஒரு நான்கு மாடிக் கட்டடத்துக்குள். வயதானவர்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டு சேர்ந்து வாழ்கிற குடியிருப்பு அது. ஆளுக்கு ஓர் அறை, சின்னதாக ஓர் அடுப்படி, கையில் சொந்தச் சாவி. சமைக்க மனம் இருந்தால் சமைக்கலாம், சோம்பலாக இருந்தால் கீழே போய்ச் சாப்பிடலாம். ஊசி போடவும் குளிப்பாட்டவும் இங்கே ஆள் கிடையாது. அது வேண்டியவர்களுக்கு வேறு இடங்கள் இருக்கின்றன. தன் வேலையைத் தானே செய்துகொள்ள வேண்டும், அதுதான் இங்கே சேரத் தகுதி. வாய் தவறி யாராவது இதை "ஹோம்" என்று சொல்லிவிட்டால் மாஸ்டருக்கு மூக்கு சிவந்துவிடும். "ஹோம் இல்ல லா. கொண்டோ. சுவிம்மிங் பூல் ஒண்ணுதான் இல்ல" என்பார்.

மாஸ்டருக்கு வயது எழுபத்தாறு. ஒடிசலான உடம்பு, மூக்குக்கண்ணாடி, பெரிய மீசை, உள்ளே செருகிய சட்டை, இடுப்பில் தொங்கும் கார் சாவி. தம்போயில் நாற்பது ஆண்டுகள் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஜோகூர் பாருவில் எந்தச் சிவப்பு விளக்கில் நின்றாலும், பக்கத்துக் காரில் இருக்கிறவர் தன்னிடம் திட்டு வாங்கியவராகத்தான் இருப்பார் என்பது அவர் எண்ணம். அதனால் அந்தப் பக்கம் திரும்பி ஒருமுறை முறைத்து வைப்பார். பாவம், அந்த ஆள் மலாக்காவிலிருந்து கல்யாணத்துக்கு வந்தவராகக்கூட இருக்கலாம்.

நாற்பது ஆண்டுகளும் அவர் உட்கார்ந்தது காரின் இடப்பக்கத்தில். வலப்பக்கத்தில் கற்றுக்கொள்கிறவர் நடுங்கிக்கொண்டு ஓட்டுவார். இடப்பக்கத்தில் மாஸ்டர், காலடியில் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக். அந்தப் பழக்கம் எலும்பில் ஊறிவிட்டது. இன்றைக்கும் தன் சொந்தக் காரை எடுக்கப் போனால் கால் நேரே இடப்பக்கக் கதவுக்குத்தான் போகும். திறந்து, உட்கார்ந்து, பெல்ட்டையும் மாட்டிக்கொண்டு, யாரோ வந்து ஓட்டப் போகிறார்கள் என்று கொஞ்ச நேரம் காத்திருப்பார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இறங்கி, காற்று இருக்கிறதா என்று பார்க்க வந்தவர் மாதிரி டயரை ஓர் உதை உதைத்துவிட்டு அந்தப் பக்கம் போவார். வலது காலோ எந்நேரமும் பிரேக்கைத் தேடிக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் காரில் ஏறினால் கால்மிதி நைந்துபோகும். தொலைக்காட்சித் தொடரில் கார் வேகமாக வந்தால் சோபாவுக்கு முன்னால் தரையை அழுத்துவார். சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டாளி மணியம் மூன்றாவது வடைக்குக் கை நீட்டியபோது மேசைக்கடியில் அந்தக் கால் அழுந்தியதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

கார் என்றால், பயிற்சிப் பள்ளியை மூடியபோது அவர் தனக்கென்று வைத்துக்கொண்ட பழைய வெள்ளைக் கஞ்சில் ரகக் குட்டிக் கார். கூரையிலிருந்த பலகையைக் கழற்றிவிட்டார், கதவிலிருந்த எழுத்துகளைச் சுரண்டிவிட்டார். இடப்பக்க பிரேக்கைக் கழற்ற மட்டும் மனம் வரவில்லை. "அது பாட்டுக்குக் கெடக்கட்டும், சோறா கேக்குது" என்பார்.

அந்தக் கஞ்சில்தான் குடியிருப்புக்கே வெளியுலகம். நிர்வாகத்தின் வேன் மருத்துவமனைக்கு மட்டும் போகும். பேருந்து எப்போது வரும் என்பது பேருந்துக்கே தெரியாது. ஆக, ஞாயிறு விடிந்தால் மாஸ்டரின் காரில் மூன்று பேர் கிளம்புவார்கள். பியாட்ரிஸ் அம்மாவைத் தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கு இறக்கிவிட்டு, மணியத்தைத் தம்போய்ப் பக்கம் கோயிலில் விட்டுவிட்டு, மாஸ்டர் ஒரு கோப்பிக்கடையில் உட்கார்ந்து சாலையில் போகிறவர்களுக்கெல்லாம் மனத்துக்குள்ளேயே மதிப்பெண் போடுவார். முக்கால்வாசிப் பேர் தோல்வி. அப்புறம் மூவருமாகப் பாசாருக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். பியாட்ரிஸ் அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஓய்வு பெற்றவர், கணவர் செபஸ்தியன் போய்ச் சேர்ந்தபின் இங்கே வந்தவர். மணியம் பாசாரில் தேங்காய்க் கடை வைத்திருந்து, முட்டி தேய்ந்ததும் மூடிவிட்டு வந்தவர். அந்த முட்டியைக் காட்டித்தான் முன் இருக்கையை நிரந்தரமாகப் பிடித்து வைத்திருந்தார்.

மாஸ்டரின் மகள் லோஷினி சிங்கப்பூரில் வேலையாக இருக்கிறாள். என்னோடு வந்துவிடுங்கள் அப்பா என்று அவள் கேட்காத மாதம் இல்லை. அந்த ஊரில் கார் வைத்துக்கொள்கிற அளவுக்குத் தனக்கு வசதி இல்லை, கார் இல்லாத ஊரில் தனக்கு என்ன வேலை என்று இவர் சிரித்துத் தட்டிக்கழித்துவிடுவார். சிரிப்பு மேலுக்குத்தான். உள்ளே இருந்தது பயம். நாற்பது ஆண்டுகள் மற்றவர்களைச் சொந்தமாகப் போகவர வைத்த மனிதர், தன்னை இன்னொருவர் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வருகிற ஒரு நாளை நினைக்கவே மறுத்தார்.

அந்த நாளோ அவர் கண்ணுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. போன ஆண்டே டாக்டர் சொல்லிவிட்டார். கண்ணில் அழுத்தம் ஏறி ஓரப் பார்வை தேய்கிறது, இடப்பக்கம் அதிகம். போனது திரும்பாது, சொட்டு மருந்து விட்டால் இருப்பது நிற்கும், கார் ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். மாஸ்டர் சொட்டு மருந்தைப் பயபக்தியோடு வாங்கிக்கொண்டார். கடைசி வாக்கியம் மட்டும் அவருக்குக் கேட்கவில்லை. காதில் அவருக்கு ஒரு கோளாறும் கிடையாது. நேரே பார்த்தால் ஊசி முனைகூடத் தெரிகிறதே, எதிரே வரும் லாரியின் எண்ணைப் படிக்கிறேனே, இதில் என்ன குறை என்று தனக்குத் தானே வாதாடி, தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

முதலில் சாட்சி சொன்னது கார் நிறுத்துமிடத்தின் தூண். கஞ்சிலின் இடப்பக்கக் கதவில் ஒரு கை நீளத்துக்குக் கோடு விழுந்தது. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, மாஸ்டருக்கு மீசை வேறு பெரிது. தூணுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்தார்கள் அல்லவா, அதில் தூண் பெருத்துவிட்டது என்றார். யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

புரிந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் வேடிக்கை. நேரில் சொல்ல யாருக்குத் தைரியம் இருக்கிறது? மணியம் முன் இருக்கையில் உட்கார்ந்து வாயைத் திறந்தால் மூடாத ஆளாக மாறிவிட்டார். "அந்தா, எடப்பக்கம் மோட்டார்ல வரான் பாருங்கண்ணே, எவ்ளோ அழகா மஞ்ச ஹெல்மெட் போட்டிருக்கான்" என்பார். கார் கொஞ்சம் ஒதுங்கும். "இந்த லோரிய நல்லா கழுவி வெச்சிருக்கான் லா, பக்கத்துலதான் வருது" என்பார். கார் வேகம் குறையும். இப்படியே ஹெல்மெட்டையும் லாரியையும் புகழ்ந்து புகழ்ந்து, மணியம் பல மாதங்கள் மூன்று உயிரைக் கோயிலுக்கும் பாசாருக்கும் கொண்டுபோய்க் கொண்டுவந்தார். தேங்காய் விற்ற காலத்தில்கூட அவர் இவ்வளவு பேசியதில்லை. மாஸ்டர் இதையெல்லாம் நம்பினாரா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அவருக்கும் தெரியும். பரிமாறுகிறவர்களும் சேர்ந்து மறைத்தால் சாப்பிட்டு எழுந்துவிட வேண்டியதுதானே என்று இருந்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மணியத்துக்குக் காய்ச்சல். முன் இருக்கையில் பியாட்ரிஸ் அம்மா உட்கார்ந்தார். பூசை முடிந்து பாசாருக்குத் திரும்பும் வழியில் மாஸ்டர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பாதசாரிக் கோட்டில் நிறுத்துகிறார்களா, தன்னிடம் கற்றுக்கொண்டவர்கள் என்றால் கோட்டைப் பார்த்ததும் கால் தானாக பிரேக்குக்குப் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அப்போது பாசார் முன்னால் இருக்கும் பாதசாரிக் கோட்டில், இடப்பக்கத்திலிருந்து ஒரு சீனப் பெரியவர் கீரைப் பையோடு இறங்கி நடந்துகொண்டிருந்தார். மாஸ்டர் கண்ணில் அவர் இல்லவே இல்லை.

கார் குலுங்கி நின்றது. மாஸ்டர் முதலில் தன் காலைப் பார்த்தார். அது இன்னும் வேகம் கொடுக்கும் எண்ணெய் மிதியின் மேல் இருந்தது. பிறகு இடப்பக்கம் குனிந்து பார்த்தார். பூசைக்குப் போட்டுக்கொண்டு வந்த பியாட்ரிஸ் அம்மாவின் கறுப்புச் செருப்பு, அவருடைய பிரேக்கை அடி மட்டும் அழுத்திப் பிடித்திருந்தது. நாற்பது ஆண்டுகளில் இடப்பக்க பிரேக்கை அவரைத் தவிர இன்னொருவர் மிதித்ததில்லை. அவருக்காக யாரும் எதையும் மிதித்ததில்லை. வெளியே அந்தப் பெரியவர், இவ்வளவு மரியாதையாக நிறுத்தியதற்காக மாஸ்டரைப் பார்த்துக் கையை உயர்த்தி நன்றி சொன்னார். மாஸ்டரும் கையை உயர்த்தினார். வேறென்ன செய்வார்?

மீன் வாங்கவில்லை. பியாட்ரிஸ் அம்மா வழியெல்லாம் செருப்பை அந்த பிரேக்கின் மேலேயே வைத்திருந்தார். காரை நிறுத்தியபின் மாஸ்டர் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே, இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று தாழ்ந்த குரலில் கேட்டார். எத்தனையோ பேர் பேச்சைக் காதில் வாங்கி, ஒன்றையும் வெளியே விடாமல் முப்பது ஆண்டு தொழில் பார்த்தவர் அந்த அம்மா. "என்னா நடந்துச்சு, சொல்றதுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாளிலிருந்து கஞ்சிலின் மேல் உறை ஏறியது. மாஸ்டர் காலையில் கீழே இறங்குவதை நிறுத்திவிட்டார். நடைபாதையில் ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். வாக்கர்கள் கோணல்மாணலாக நின்றன. மூலையில் யாரும் பீப் சொல்லாததால் மணியமும் மேடம் லிம்மும் முட்டிக்கொண்டார்கள். முட்டிக்கொண்டவர்கள் இருவரும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்கள், யாராவது வந்து திட்டுவார்கள் என்று. யாரும் வரவில்லை. திட்டு இல்லாத அந்தக் காலை நேரம் எல்லாருக்கும் என்னவோ போல் இருந்தது.

அடுத்த ஞாயிறு கைப்பேசியில் வாடகைக் கார் கூப்பிட்டுப் பார்த்தார்கள். மணியம் முட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து சேர்வதற்குள் அந்த டிரைவர் காத்திருந்து அலுத்துப்போய்க் கிளம்பிவிட்டான். இன்னொருவன் பின்வாசலில் வந்து நின்றுகொண்டு, முன்வாசலில் நின்றவர்களை எங்கே என்று கேட்டான். பியாட்ரிஸ் அம்மா பூசைக்குப் போட்ட சேலையோடு சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றார்.

லோஷினி கூப்பிட்டாள். கண் விஷயம் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. காரை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி இந்த முறை அழுத்திக் கேட்டாள். இவர் வழக்கமாகச் சொல்லும் எந்தச் சாக்கையும் சொல்லவில்லை. "பாக்கலாம்மா" என்றார். வாழ்நாளில் ஒருமுறைகூட "பாக்கலாம்" என்று சொல்லாத அப்பா அப்படிச் சொன்னதும் அவளுக்குத்தான் பயமாகிவிட்டது. உடனே பியாட்ரிஸ் அம்மாவுக்குப் போன் செய்து, அப்பா நன்றாகத்தான் இருக்கிறாரா, கொஞ்சம் போய்ப் பாருங்கள் என்றாள்.

பியாட்ரிஸ் அம்மா போய்க் கதவைத் தட்டினார். மாஸ்டர் பாதிக் கதவு திறந்து நின்றார், சட்டை உள்ளே செருகியிருக்கவில்லை.

"எங்கிட்ட லைசன்ஸ் இருக்கு மாஸ்டர்."

அவர் நம்பவில்லை. "யாரு குடுத்தா?"

"கவர்மெண்டுதான். குளுவாங்குல இருந்தப்ப எடுத்தேன்."

"குளுவாங்கா. அங்க ரோடே ஒண்ணுதானே." வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டு, கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார்.

உண்மைதான். இருபத்து நான்கு வயதில், முதல் தடவையிலேயே தேறியவர் பியாட்ரிஸ் அம்மா. தேறிய அன்று சாயங்காலம் செபஸ்தியன் சந்தோஷமாக வந்து, நான் இருக்கும்போது நீ எதற்குக் கஷ்டப்பட வேண்டும் என்று சாவியை வாங்கிக்கொண்டார். தங்கமான மனிதர், அதனால் சண்டை போடவும் முடியவில்லை. லைசன்ஸை மட்டும் அந்த அம்மா விடாமல் புதுப்பித்து வந்தார். ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். மகளிடம் சொல்லாததை இந்த அம்மாவிடம் சொன்னார். "காடி போச்சின்னா நான் சாமான் பியாட்ரிஸம்மா. தூக்கி ஏத்துனா ஏறணும், எறக்கி வெச்சா எறங்கணும். அதுக்கு நான் போயிச் சேந்துடலாம்."

"நாப்பது வருஷம் நான் சாமானாத்தான் போயிட்டு வந்தேன்" என்றார் பியாட்ரிஸ் அம்மா. "அதுக்காக ஒருத்தரும் அழுவல. எனக்கு அலுத்துப்போச்சு மாஸ்டர். நீங்க பக்கத்துல உக்காந்தா நான் ஓட்டறேன். உக்கார மாட்டேன்னா அந்தக் காடி அங்கயே கெடந்து துருப்பிடிக்கும், நானும் அடுத்த வாரம் பூச நேரத்துல ரொட்டி திம்பேன்."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. ஆயிரம் பேருக்குக் கற்றுக்கொடுத்தவர், ஞாயிறுதோறும் பின் இருக்கையில் பெல்ட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த இந்த அம்மாவுக்கு ஓட்ட ஆசை இருக்குமா என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மீசையைத் தடவினார்.

"கிளட்ச் ஞாபகம் இருக்கா?"

"இல்ல."

"நல்லதாப் போச்சு. குளுவாங் கிளட்ச் மறக்கறதுதான் நல்லது" என்று சொல்லி எழுந்து, சட்டையை உள்ளே செருகிக்கொண்டார்.

பாடம் கார் நிறுத்துமிடத்தில் தொடங்கியது. அது குடியிருப்புக்கே திருவிழாவாகிவிட்டது. மாடி நடைபாதைகளில் கோப்பிக் குவளையோடு ஆட்கள் வரிசையாக நின்றார்கள். மேடம் லிம் பேட்டரி வண்டியில் கஞ்சிலுக்குப் பின்னாலேயே வந்து, தன் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். கார் குதித்தது, இருமியது, நின்றது. மாஸ்டர் போட்ட சத்தத்தில் வாசல் காவலுக்கு இருக்கும் ஜாகாகூடத் தன் கூண்டிலிருந்து வெளியே வந்தார். அந்தக் காலத்தில் இந்தச் சத்தத்துக்குப் பெரிய பெரிய உத்தியோகத்தில் இருந்த ஆம்பிளைகளே கண் கலங்கியிருக்கிறார்கள். பியாட்ரிஸ் அம்மாவின் காது, இணைப்புக் கிடைக்காதவர்கள் முப்பது ஆண்டுகளாக ஏசிப் பதப்படுத்திய காது. மாஸ்டர் கத்தும்போதெல்லாம் குரல் உயர்த்தாமல், "கொஞ்சம் லைன்ல இருங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு, தன் பாட்டுக்கு கியரைத் தேடினார். கத்துகிற மனிதருக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. சில நாளில் அவர் குரல் தானாகத் தணிந்துவிட்டது.

குரல் தணிந்தாலும் கால் தணியவில்லை. பூனை படுத்திருந்தால் பிரேக். காய்ந்த இலை பறந்தால் பிரேக். ஒன்றுமே இல்லாவிட்டால், ஏன் ஒன்றும் இல்லை என்று ஒரு பிரேக். ஒருநாள் பியாட்ரிஸ் அம்மா இஞ்சினை அணைத்துவிட்டு, காடியை ஓட்டுவது யார் என்று முதலில் முடிவு பண்ணுங்கள் என்று சொல்லி இறங்கி உட்கார்ந்துகொண்டார். மாஸ்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏறுங்க பியாட்ரிஸம்மா, கொறச்சிக்கிறேன்" என்றார். நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். வாத்தியார் அல்லவா.

கடைசியில் ஒரு ஞாயிறு காலை, கஞ்சில் வாயிலைத் தாண்டியது. ஓட்டியது பியாட்ரிஸ் அம்மா. இடப்பக்கத்தில் மாஸ்டர். பின்னால் மணியம், முட்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், எல்லாத் தெய்வங்களையும் வேண்டிக்கொண்டு. கோயிலும் ஆயிற்று, பூசையும் ஆயிற்று. போகும்போது மாஸ்டர் வாய் ஓயவில்லை. இடது சிக்னல், கண்ணாடி, அந்த வேனை விடுங்கள், ஹோன் அடிக்காதீர்கள், அவனுக்கு ஹோன் அடியுங்கள். வலது கால் பிரேக்கின் மேலே, தொட்டும் தொடாமலும், வழியெல்லாம் அந்தரத்தில் நின்றது. தொடை வலித்தது. விடவில்லை.

திரும்பும்போது பாசார் முன்னால் அதே பாதசாரிக் கோடு. ஒரு பெண், குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு இடப்பக்க ஓரத்தில் நின்றிருந்தாள். மாஸ்டர் அந்தப் பக்கம் தலையை முழுக்கத் திருப்பிப் பார்த்த பிறகுதான் அவளைக் கண்டார். திடுக்கிட்டுக் காலை அழுத்தப் போனார். அழுத்துவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கார் ஏற்கெனவே நின்றிருந்தது, குலுக்கல்கூட இல்லாமல், கோட்டுக்கு நல்ல தூரம் விட்டு. அந்தப் பெண் கையை உயர்த்தினாள். பியாட்ரிஸ் அம்மா தலையசைத்துவிட்டு, குழந்தை அந்தப் பக்கம் ஏறும்வரை பொறுத்திருந்து கியரைப் போட்டார். மாஸ்டர் ஏதாவது சொல்வார் என்று பின்னாலிருந்து மணியம் காத்துக்கொண்டே இருந்தார்.

மீன் வாங்கி, பாலத்தில் ஏறினார்கள். கீழே ஆறு பளபளத்துக்கொண்டு கடலுக்குப் போனது. முன்னால் ஒரு லாரி. பியாட்ரிஸ் அம்மா கண்ணாடியைப் பார்த்தார், சிக்னல் போட்டார், தோளுக்கு மேலே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அதை முந்தினார். மாஸ்டர் எதிரே சாலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடினார்.